ஊருக்கு எண் நான்கு

பிள்ளைகளே, அன்றைக்குக் கண்காட்சி முடிந்து காரில் வீட்டுக்கு வரும்போது நீங்கள் இரண்டு பேரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டீர்கள். "அப்பா, நீங்கள் ஏன் கடைசியில ஓம் எண்டு சொன்னீங்கள்?" நான் சிக்னலைப் பார்த்தபடி, "பச்சை விழுந்திட்டுது, பொறுங்கோ" என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன். பச்சை விழுந்தது உண்மை. ஆனால் ஹென்டர்சனில் எங்கள் வீடு வரும்வரைக்கும் எத்தனையோ சிவப்பும் விழுந்தது. நான் வாய் திறக்கவில்லை.

எனக்குக் கதைத்துச் சொல்ல வராது. எழுதினால் கொஞ்சம் ஒழுங்காக வரும் போலிருக்கிறது. நான் பெரிதாகப் படித்த ஆள் இல்லை. பத்தாம் வகுப்பில் இருக்கும்போது எங்கள் பள்ளிக்கூடத்தில் அகதிகள் வந்து தங்கினார்கள். பிறகு இன்னொரு பள்ளிக்கூடத்தில் நாங்களே அகதிகளாகப் போய்த் தங்கினோம். படிப்பு அதோடு சரி. எழுத்துப் பிழை இருந்தால் அம்மாவிடம் காட்டுங்கள், அவ திருத்துவா. சொல் விளங்காவிட்டாலும் அவவிடமே கேளுங்கள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு உங்களை இழுத்துக்கொண்டு போனது சும்மா இல்லை என்று நானும் காட்ட வேண்டாமா.

எங்கள் வீட்டுச் சட்டம் உங்களுக்குத் தெரியும். துவக்கு விளையாட்டு இல்லை. பிளாஸ்டிக் துவக்கு இல்லை, தண்ணீர்த் துவக்கு இல்லை, திரையில் சுடுகிற விளையாட்டும் இல்லை. இளையவன் தன் சிநேகிதன் வீட்டில் போய் விளையாடுகிறான் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரியும். சட்டம் அந்த அளவில் நின்றுகொண்டிருந்தது.

அப்படியிருக்க, மூத்தவள் பள்ளிக்கூடத்தின் கடைசி வருடத்தில் ஓர் ஆய்வு செய்ய வேண்டி வந்தது. என்ன தலைப்பு என்று கேட்டேன். "ஹிஸ்டரி, அப்பா" என்றாள். ஹிஸ்டரியில் என்ன என்றேன். "கம்பியூட்டர் ஹிஸ்டரி." கம்பியூட்டரில் என்ன என்றேன். அதற்குப் பிறகுதான் முழுத் தலைப்பும் வெளியே வந்தது. வீட்டுக் கணினிகள் வந்த புதிதில் போர் விளையாட்டுகளை எப்படி உருவாக்கினார்கள் என்பதுதான் அது. போர் என்ற சொல்லை அவள் அதுவரை பல்லுக்குள்ளேயே வைத்திருந்தாள்.

"விளையாடேல்ல அப்பா. ஆக்கள் எப்பிடிச் செய்தவை எண்டு எழுதப் போறன். அவ்வளவுதான்."

அவள் பேட்டி எடுக்கப் போன ஆள் எங்கள் பக்கத்து வீட்டுக் கிழவர். அவரை உங்களுக்குத் தெரியும், ஆனால் நீங்கள் இதைப் பெரியவர்களாகி வாசிக்கும்போது மறந்திருக்கலாம் என்பதற்காக எழுதுகிறேன். ஒல்லியான வெள்ளைக்கார மனிதர். டெலிபோன் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. ஒவ்வொரு வருடமும் ஃபெய்ஜோவாப் பழம் விழத் தொடங்கியதும் கடைப் பையில் போட்டு எங்கள் வேலிக்கு மேலால் தருவார். நான் அவரை "சேர்" என்றுதான் கூப்பிடுவேன். "அப்படிக் கூப்பிடாதே, நான் ஒரு நாளும் ஒருவருக்கும் சேராக இருந்ததில்லை" என்பார். அடுத்த நாளும் நான் சேர் என்பேன். அவர் என்னை "மேட்", அதாவது நண்பா, என்பார். (அவர் கதைப்பது ஆங்கிலம், நான் பதில் சொல்வதும் ஒரு வகை ஆங்கிலம். இங்கே இரண்டையும் எனக்கு விளங்கின தமிழில் எழுதுகிறேன்.)

அந்தப் பெருமழையில் எங்கள் தெருவுக்குப் பின்னால் ஓடுகிற ஓடை ஏறி வந்ததே, அப்போது எங்கள் வீட்டுப் படியோடு தண்ணீர் நின்றுவிட்டது. அவருடைய கராஜ் முழுதாகத் தண்ணீருக்குள் போய்விட்டது. மறுநாள் நான்தான் போய் நனைந்த பெட்டிகளைத் தூக்கித் தெருவோரப் புல்லில் குவித்தேன். சில பெட்டிகள் நிறையச் சின்னக் கசெட்டுகள், சேற்றுக்குள் ஊறிப்போய். பாட்டுக் கசெட்டாக்கும் என்று நினைத்து, "புதுசா வாங்கலாம் சேர்" என்று ஆறுதல் சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். நகரசபை லொறி வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனது.

அவை பாட்டு இல்லை. மூத்தவள் பேட்டி எடுத்துக்கொண்டு வந்த பிறகுதான் எனக்கு அது தெரியும். வீட்டுக் கணினிகள் முதன்முதலாக வந்த நாட்களில் இந்த மனிதர் சமைக்கிற குசினியின் மேசையில் இருந்து போர் விளையாட்டுகள் செய்திருக்கிறார். கசெட்டில் பதிந்து, பிளாஸ்டிக் பையில் போட்டு, தபாலில் விற்றிருக்கிறார். செய்ததெல்லாம் அந்தக் கராஜில்தான் இருந்தது. படுக்கையறை அலுமாரியில் கிடந்த ஒன்றே ஒன்று தப்பியது.

பேட்டிக்கு அடுத்த நாள் நான் பென்ரோஸில் களஞ்சிய வேலை முடித்து வந்து காரை நிறுத்தும்போது கிழவர் வேலியோரம் நின்றார். கையில் ஃபெய்ஜோவா இல்லை.

"நீங்கள் யாழ்ப்பாணம் என்று உன் மகள் சொன்னாள்."

"ஓம் சேர்."

"நான் அங்கே இரண்டு வருடம் இருந்திருக்கிறேன்."

எனக்குச் சந்தோசமாகப் போய்விட்டது. "எப்ப போனீங்கள்?"

"போனதே இல்லை" என்றார்.

அப்படித்தான் அது தொடங்கியது. தப்பிய கசெட்டில் இருந்த விளையாட்டு எங்கள் குடாநாடு. பழைய புத்தகக் கடையொன்றில் அவருக்கு ஓர் ஆங்கிலேயர் கால நில அளவை வரைபடம் கிடைத்திருக்கிறது. இரண்டாம் உலக யுத்தத்தில் ஜப்பான்காரன் இலங்கையின் வடக்கில் இறங்கியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று ஒரு கற்பனை. நடக்காத யுத்தம். அதை இரண்டு வருடம் இருந்து செய்திருக்கிறார். நியூ லின்னில் ஒரு மண்டபத்தில் பழைய கணினிகள் கண்காட்சி வருகிறது, அதில் இந்த விளையாட்டை ஓடவிட்டுத் தன் ஆய்வையும் பக்கத்தில் வைக்க வேண்டும் என்று மூத்தவள் கேட்டிருக்கிறாள்.

"உன் அப்பா வேண்டாம் என்றால் நான் காட்டமாட்டேன் என்று அவளிடம் சொல்லிவிட்டேன்" என்றார் கிழவர். "அது உன்னுடைய இடம், மேட். நான் கேட்காமல் எடுத்தது. இப்போது கேட்கிறேன்."

வேண்டாம் என்று அந்த இடத்திலேயே சொல்லியிருப்பேன். வாயில் வந்துவிட்டது. ஆனால் அவர் வேலியைப் பிடித்தபடி நகராமல் நின்றார். வீட்டை விற்றுவிட்டு இந்த நாட்டின் தென் தீவில் இருக்கும் மகளிடம் போகப் போகிறார் என்று எங்களுக்கு ஏற்கெனவே தெரியும். இந்தக் கண்காட்சி போனால் இன்னொன்றுக்கு அவர் இங்கே இருக்கமாட்டார். அவர் செய்தது எதையும் யாரும் பார்க்கப் போவதில்லை. சேற்றோடு போன பெட்டிகளைத் தூக்கிப் போட்டவன் நான். மிச்சமிருந்த ஒன்றும் இப்போது என் வாய்ச் சொல்லில் நின்றது.

"பார்த்திட்டுச் சொல்லுறன் சேர்" என்றேன்.

அந்த வாரம் வீடு இறுகிப்போய்க் கிடந்தது. மூத்தவள் என்னோடு கதைக்கவில்லை. கதைக்கவில்லை என்றால் சண்டை இல்லை. சோறு போட்டால் "தாங்க்ஸ்" என்பாள், அவ்வளவுதான். உங்கள் அம்மாதான் ஒருநாள் சட்டி கழுவிக்கொண்டே கேட்டா.

"இஞ்சேருங்கோ, நீங்கள் அதைப் பார்த்திட்டு என்ன செய்யப் போறியள்?"

"தெரியேல்ல."

"கோயிலாக்களும் நியூ லின்னுக்குத்தான் சாமான் வாங்க வாறவை. ஆரும் எட்டிப் பார்த்தால்? எங்கட ஊரில குண்டு போட்டு விளையாடுறதுக்கு இவற்ற மகளும் உடந்தை எண்டு கதை வராதோ?"

"அதுதான் நானும் யோசிக்கிறன்."

"பிறகென்ன, வேண்டாம் எண்டு சொல்லுங்கோ." கொஞ்சம் பொறுத்து, "சொல்லிப்போட்டு அவளின்ர முகத்தையும் நீங்களே பாருங்கோ" என்றா.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நானும் மூத்தவளும் கிழவர் வீட்டுக்குப் போனோம். ஒரு வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாது என்று அம்மா ரோல்ஸ் பொரித்துத் தந்துவிட்டா. நான் சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்தேன். கிழவர் தன் சப்பாத்தோடு நின்றுகொண்டு, "நீ இருக்கப் போகிறாயா, தொழப் போகிறாயா?" என்று கேட்டார். மூத்தவள் சிரித்தாள். அந்த வாரத்தில் நான் கேட்ட முதல் சிரிப்பு.

மேசையில் ஒரு தடித்த விசைப்பலகை. அதுதான் கணினி முழுவதும். பின்னால் பழைய தொலைக்காட்சிப் பெட்டி, பக்கத்தில் கசெட் றெக்கோடர். கசெட்டைப் போட்டார். தகரத்தைச் சிமெந்தில் இழுப்பது போல ஒரு சத்தம் வந்தது. விளையாட்டு அந்தச் சத்தமாகத்தான் கசெட்டில் இருக்கிறதாம். அது உள்ளே ஏறி முடிய நேரம் எடுக்கும், நடுவில் ஒரு துளி பிசகினாலும் முதலில் இருந்து தொடங்க வேண்டும்.

பிசகியது. கிழவர் றெக்கோடரைத் திறந்து பஞ்சால் துடைத்தார். திரும்பப் போட்டார். மறுபடியும் பிசகியது. மூத்தவள் நகத்தைக் கடித்தாள். எனக்குள் ஒரு குரல், ஏறாமலே போகட்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஏறாவிட்டால் நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. கசெட் கெட்டுவிட்டது, ஒருவரிலும் பிழை இல்லை, ரோல்ஸைச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

சத்தம் போய்க்கொண்டிருக்கும்போதே மூத்தவள் போனில் பதிவு போட்டுவிட்டுக் கேள்வி கேட்டாள். முதலில் அட்டையில்தான் இந்த விளையாட்டுகள் இருந்தன என்றார் அவர். வரைபடத்தில் தேன்கூடு மாதிரி ஆறு பக்கக் கட்டங்கள், அதன் மேல் படைகளுக்குப் பதிலாகச் சின்ன அட்டை வில்லைகள், சண்டைக்குத் தாயக்கட்டை.

"ஏன் ஆறு பக்கம்?" என்று அவள் கேட்டாள்.

"சதுரத்தில் மூலைக்குப் போனால் தூரம் கூடிவிடும். ஆறு பக்கத்தில் எந்தப் பக்கம் போனாலும் ஒரே தூரம். ஏமாற்ற முடியாது."

"பிறகு ஏன் கம்பியூட்டருக்கு மாறினீங்கள்?"

"அட்டையில் எதிரி உன் கண்ணுக்கு முன்னால் இருப்பான். மறைக்க வேண்டுமென்றால் மூன்றாவது ஆள் ஒருவர் வேண்டும், இரண்டு பக்கத்தையும் தெரிந்துகொண்டு வாயை மூடிக்கொண்டிருக்க. அப்படி ஒரு சிநேகிதன் எனக்கு இருக்கவில்லை." கணினியைத் தட்டினார். "இதுதான் அந்த மூன்றாவது ஆள். நாங்கள் எல்லாரும் இதற்குத்தான் வந்தோம். இதனால் ஒரு யோசனையும் யோசிக்க முடியாது, ஆனால் ரகசியம் காக்கும்."

"ஏன் யாழ்ப்பாணம்?"

"சுற்றிவரக் கடல்" என்றார். "கடலுக்குக் கணக்குப் போடத் தேவையில்லை. முழு விளையாட்டையும் பதினாறு கிலோபைட்டுக்குள் அடக்க வேண்டும். உன் போனில் ஒரு படம் எடுத்தால் அதைவிடப் பல மடங்கு பெரிது. மலை இருந்தால் நான் செத்தேன். உங்கள் இடம் தட்டை. அழகான தட்டை."

எங்கள் இடத்தை அப்படி ஒருவர் புகழ்ந்து நான் கேட்டதில்லை.

அப்போது சத்தம் நின்றது. திரை கறுத்து, பிறகு பச்சைக் கோடுகள் ஒவ்வொன்றாக மேலிருந்து கீழே வந்தன. விளையாட்டு ஏறிவிட்டது.

பிள்ளைகளே, நான் எத்தனையோ வரைபடத்தில் எங்கள் இடத்தைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த முரட்டுப் பச்சைக் கட்டங்களில் பார்த்தவுடன் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். கடல்நீரேரி உள்ளே வளைந்து வருகிற இடம் அப்படியே இருந்தது. அதிலிருந்து விரலால் எண்ணிக்கொண்டு போனேன். எங்கள் ஊர் இருக்க வேண்டிய கட்டம் வெறுமையாக இருந்தது. பக்கத்துப் பட்டினத்தில் ஒரு சின்ன வீட்டுக் குறி.

"ஒரு கட்டத்துக்கு ஓர் எண்" என்று கிழவர் விளக்கினார். கடல் பூச்சியம். வெட்டை வெளி ஒன்று. பனங்காடு இரண்டு. நீரேரி மூன்று. ஊர் நான்கு. "எல்லா ஊரையும் போட இடமில்லை. வரைபடத்தில் பெரிய எழுத்தில் இருந்தவற்றை மட்டும் போட்டேன். ஊரில் நிற்கிற படைக்குத் தற்காப்பு இரண்டு மடங்கு."

நான் பென்ரோஸில் களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். அங்கேயும் ஒவ்வொரு தட்டுக்கும் எண் இருக்கிறது. எண்ணைப் பார்த்துப் பெட்டியை எடுப்போம், வைப்போம். பெட்டிக்குள் என்ன என்று எங்களுக்குத் தெரியத் தேவையில்லை. அதனால் அவர் சொன்னது எனக்கு உடனே விளங்கிவிட்டது. விளங்கினதுதான் கரைச்சல்.

காக்கிற பக்கத்தை எனக்குத் தந்தார். என் படைகளுக்கு ஆங்கில எழுத்துகள் பெயர். எழுத்தை அடித்து, எந்தப் பக்கம் என்று ஒன்றிலிருந்து ஆறுவரை ஓர் எண்ணை அடித்தால் அது நகரும். எதிரியைக் காணக் கிடைக்காது, கிட்ட வந்தால்தான் தெரியும்.

நான் யோசித்து விளையாடவில்லை. கை தானாகப் போனது. பட்டினத்தில் நின்ற படையை வெளியே எடுத்து வெட்டையில் விட்டேன். அடுத்த பட்டினத்தில் நின்றதையும் எடுத்தேன். துறைமுகத்தில் நின்றதையும் எடுத்தேன். எல்லாவற்றையும் ஊர்களுக்கு வெளியே, வீடில்லாத கட்டங்களில் கொண்டுபோய் நிறுத்தினேன். எதிரி வந்தான். வெட்டையில் வைத்து ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு போனான். தேத்தண்ணி ஆற முன்னம் விளையாட்டு முடிந்துவிட்டது.

கிழவர் திரையையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். அவருக்குக் கோபம்கூட வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

"என்ன செய்தாய் நீ? எல்லா ஊரையும் விட்டு வெளியே போனாய். தற்காப்பு இரண்டு மடங்கு என்று சொன்னேன் அல்லவா? இதை விளையாடிய ஒருவரும் இப்படிச் செய்ததில்லை. சின்னப் பிள்ளைகூடச் செய்யாது."

"ஊருக்குள்ள படை நிண்டால் ஊருக்கு அடி விழும், சேர்."

"அதற்குள் ஒருவரும் இல்லை, மேட்" என்றார். "அது ஒரு நான்கு."

மூத்தவள் கையை நீட்டிப் போனில் பதிவை நிறுத்தினாள். அவள் அதை நிறுத்தியதை நான் கண்டேன் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

பிறகு கிழவர் மெதுவாகச் சொன்னார். "நான் இதை இப்போது மாற்ற முடியும். ஆட்களைப் போடலாம். ஆனால் மாற்றினால், அந்த நாளில் நான் இதை யோசித்தேன் என்று ஆகிவிடும். நான் யோசிக்கவில்லை. இடமிருந்தாலும் யோசித்திருக்கமாட்டேன். இருக்கிறபடி காட்டுவது, இல்லாவிட்டால் காட்டாமல் விடுவது. நீ சொல்."

"அப்பா," என்றாள் மூத்தவள், "மாத்தினால் அது ஹிஸ்டரி இல்லை." சொல்லிவிட்டு உடனே, "பட் நீங்கள் நோ எண்டு சொன்னால் ஓகே. ரியலி" என்றாள். அவள் கண் மேசையிலேயே இருந்தது.

வேண்டாம் என்று சொல்ல அதைவிட நல்ல இடம் இல்லை. இரண்டு பேரும் எனக்கு வழி விட்டு ஒதுங்கி நின்றார்கள். ஆனால் அந்தத் தோல்வி எனக்குள் உறுத்திக்கொண்டிருந்தது. ஃபோர்க்லிஃப்டில் ஒரு பெட்டியை இடித்துவிட்டால் அந்த இடத்தைத் திரும்பப் போய்ப் பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. அந்த மாதிரி.

"மற்றப் பக்கத்தைத் தாங்கோ" என்றேன்.

இந்த முறை நான் இறங்குகிறவன். காக்கிறது கணினி. நான் கரையில் இறங்கி ஒரு கட்டம் முன்னேறினேன். பனங்காட்டில் இருந்து ஒரு படை வெளியே வந்து என் கண்ணில் பட்டது. என்னைக் கண்டதும் அது ஓடியது. எங்கே? வீட்டுக் குறி இருந்த கட்டத்துக்குள். இன்னொன்று வெட்டையில் நின்றது. நான் கிட்டப் போனேன். அதுவும் அடுத்த ஊருக்குள் போனது. நான் போன பக்கமெல்லாம் அவை ஊருக்குள் போய் நின்றுகொண்டு என்னைப் பார்த்தன. எனக்கு வேறு வழி இருக்கவில்லை. ஊரைத்தான் அடிக்க வேண்டும்.

நான் கையை எடுத்துவிட்டேன்.

"ஏன் சேர் இது ஊருக்குள்ள போகுது?"

"நான்தான் அப்படி எழுதினேன். மூன்று வரிதான். எதிரி கிட்ட வந்தால், கிட்ட இருக்கிற நான்குக்குள் போ. நுட்பமாக யோசிக்க வைக்க அதற்குள் இடமில்லை. ஆனால் அது போதும், ஏனென்றால் அது சரி. எந்தப் படையும் அதைத்தான் செய்யும்."

"எங்கட இடத்திலயும் அப்பிடித்தான் செய்தவை" என்றேன்.

இந்த இடத்தில் உங்களுக்கு நான் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் அகதிகளாகத் தங்கியிருந்த பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு நாள் ஆயுதத்தோடு சிலர் வந்து நின்றார்கள். அந்தப் பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியர், எங்கள் அதிபர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிப்போய், "தம்பிமார், இஞ்ச சனம் இருக்குது" என்று கெஞ்சினார். அவர்கள் மரியாதையாகத்தான் பதில் சொன்னார்கள். "ஓம் ஐயா, தெரியும். கொஞ்ச நேரம்தான்." ஷெல் குண்டு வந்து விழுந்தது. அந்த வகுப்பறையில் எங்களுக்குப் பக்கத்துப் பாயில் இருந்த குடும்பம் எழும்பவில்லை. நின்றவர்கள் யார், அடித்தவர்கள் யார் என்று நான் இங்கே எழுதவில்லை. வேறு ஊர்களில் வேறு ஆட்கள் அதே மாதிரி வந்து நின்றதையும், வேறு பக்கத்தில் இருந்து அடி விழுந்ததையும் பிறகு எத்தனையோ பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இத்தனை வருடமாக நான் நினைத்திருந்தது, அந்த நாள் அங்கே வந்தவர்களுக்கு ஏதோ பிசகிவிட்டது என்று. வழி தவறி வந்தார்கள், இல்லாவிட்டால் யோசிக்காமல் வந்தார்கள். அதிபர் இன்னும் கொஞ்சம் கெஞ்சியிருந்தால் போயிருப்பார்கள் என்றுகூட நினைத்திருக்கிறேன். இந்த மனிதர் எங்கள் ஊரைக் காணாமல், எங்களில் ஒருவரையும் அறியாமல், எங்களுக்கு அது நடக்க எவ்வளவோ முன்னம், ஹென்டர்சனில் குசினி மேசையில் இருந்து அதை மூன்று வரியில் எழுதிவைத்திருந்தார். பிசகு ஒன்றும் இல்லை. படை அப்படித்தான் ஓடும். எனக்கு அது ஆறுதலாக இருக்கவில்லை. ஆனால் அதில் பொய் இருக்கவில்லை. எங்கள் சண்டையைப் பற்றி எத்தனையோ பேர் எவ்வளவோ கதைத்துக் கேட்டிருக்கிறேன். அவர்களில் ஒருவரும் இந்த மூன்று வரியைச் சொல்லவில்லை.

"காட்டுங்கோ" என்றேன்.

கிழவர் நம்பவில்லை. "நிச்சயமாகவா?"

"ஓம். ஒண்டும் மாத்த வேண்டாம். வெட்டையாக் கிடக்கிற எங்கட ஊரையும் அப்பிடியே விடுங்கோ."

அவர் ரோல்ஸ் ஒன்றை எடுத்துக் கடித்தார். உறைப்பில் கண் நிறைந்துவிட்டது. உறைப்பில்தான் என்று அவரும் சொன்னார், நாங்களும் ஒப்புக்கொண்டோம்.

இதுதான் நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில். ஆனால் கண்காட்சி நாளைப் பற்றியும் எழுத வேண்டும், ஏனென்றால் ஓம் என்று சொன்ன பிறகுதான் எனக்குப் பயம் தொடங்கியது.

நியூ லின் மண்டபத்தில் நான் காலையில் இருந்து அந்த மேசையை விட்டு நகரவில்லை. மூத்தவள் வந்தவர்களுக்கு விளக்கினாள். இளையவன் கேபிள் எடுத்துக் கொடுத்தான். கிழவர் மேசைக்கு வரவே இல்லை, வாசலில் நின்று பார்த்தார். யாராவது வென்றால் மட்டும் அங்கிருந்தே கட்டைவிரலைக் காட்டினார். வந்தவர்கள் எல்லாரும் நல்லபடி விளையாடினார்கள். படைகளை ஊருக்குள் வைத்தார்கள். தற்காப்பு இரண்டு மடங்கு. ஒவ்வொரு முறையும் நான் வேறு பக்கம் பார்த்தேன்.

மத்தியானத்துக்குப் பிறகு ஓர் அம்மா வந்தா. கையில் மரக்கறிப் பை, முருங்கைக்காய் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. எனக்கு விளங்கிவிட்டது. ஓடவும் முடியாது. அவ திரைக்குக் கிட்டக் குனிந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தா.

"தம்பி, இது எங்கட இடமெல்லோ?"

"ஓம் அக்கா."

"இதென்ன, சண்டையோ?"

"விளையாட்டு அக்கா. பழசு. ஜப்பான்காரன் வாறதெண்டு ஒரு கற்பனை."

"அவனும் வந்தவனோ?" என்று கேட்டுவிட்டு, விரலைத் திரையில் வைத்து நீரேரிக் கரையோரமாக இழுத்துக்கொண்டு போனா. மூத்தவள் விளக்குவதை நிறுத்திவிட்டாள். விரல் ஓரிடத்தில் நின்றது.

"எங்கட ஊரைக் காணேல்ல."

"எல்லா ஊரையும் போட இடமில்லையாம் அக்கா. என்ர ஊரும் இல்லை. வெட்டையெண்டு கிடக்குது."

அவ அந்த வெறும் கட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தா. என்ன சொல்லப் போகிறா என்று நான் காத்திருந்தேன். ஏச்சு வந்தால் வாங்கிக்கொள்வது என்று முடிவெடுத்திருந்தேன்.

"நல்லது" என்றா. "இதிலயெண்டாலும் இல்லாமல் இருக்கட்டும்." பையைத் தோளில் ஏற்றினா. மூத்தவளைப் பார்த்து, "உங்கட மேளே? கெட்டிக்காரி. சாப்பிட்டியே பிள்ளை?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டா.

பின்னேரம் மண்டபத்தைப் பூட்ட வேண்டும் என்றார்கள். நீங்கள் இரண்டு பேரும் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு காருக்குப் போனீர்கள். கிழவர் உங்களுக்குப் பின்னால் கையில் ஒன்றும் இல்லாமல், கவனம் கவனம் என்று சொல்லிக்கொண்டு போனார். கணினியை நிறுத்திக் கழற்றுவது என் வேலை.

திரை இன்னும் எரிந்துகொண்டிருந்தது. யாரோ விளையாடிப் பாதியில் விட்டுப் போயிருந்தார்கள். என் ஊருக்குப் பக்கத்துப் பட்டினத்தில், அந்தச் சின்ன வீட்டுக் குறிக்கு மேல், சி என்ற படை நின்றது. மற்றவை எல்லாம் போய்விட்டன. இது ஒன்றுதான் மிச்சம்.

நான் சுற்றிவரப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. சி-யை அடித்தேன். எங்கள் ஊர்க் கட்டத்துக்கு அனுப்ப முடியாது. அங்கே ஆட்கள் இருக்கிறார்கள், கணினிக்குத் தெரியாவிட்டாலும். மற்றப் பக்கத்தில் நீரேரிக்கு முன்னால் ஒரு கட்டம் இருந்தது. அது தரவை. உப்புப் பூத்த வெளி, மாடுகூட வெயிலுக்கு அங்கே நிற்காது. அங்கே உண்மையாகவே ஒருவரும் இருந்ததில்லை.

நான்கு என்ற விசையை அழுத்தினேன். அந்தத் திசைக்கு அதுதான் எண். படை ஊரைவிட்டு வெளியே வந்து தரவையில் நின்றது. எதிரியின் முறை வருவதற்கு முன்னம் சுவரில் இருந்த சுவிட்சை நிறுத்தினேன். பிறகு வயரைச் சுருட்டிக்கொண்டு உங்களிடம் வந்தேன்.